தண்ணி குடிக்கும் கார்

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது. ஆனா கீழ ஒரு சொட்டுகூட இல்ல." பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் பட்டறையில் வந்து சொல்லும் வாடிக்கையான புகார் இது. 1983-இல் சாலைக்கு வந்த அந்தக் கார், 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரேடியேட்டரும் ரப்பர் ஹோஸும்தான் கிழடு தட்டிவிட்டன.

கீழே சொட்டினாலும் அது கூலன்ட்தான் என்று சொல்லிவிட முடியாது. ஏசி போட்டு வந்த வண்டிக்கு அடியில் வடிவது வெறும் தண்ணீர். கூலன்ட் என்றால் விரலில் வழவழக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தித்திப்பாக இருக்கிறதே என்று தேங்கியதை நக்கிய நாய்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்திருக்கின்றன.

சூடான எஞ்சினில் கசியும் துளி தரைக்கு வருமுன்பே ஆவியாகிவிடும். மிஞ்சுவது கறைதான். ஹோஸ் கிளிப்பின் ஓரத்திலும் ரேடியேட்டர் இணைப்புகளிலும் அது பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டி நிற்கும். வாட்டர் பம்ப்பின் அடியிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே வேண்டுமென்றே விட்ட சின்னத் துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால், தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அதன் வழியே வெளியேறும். கசிவை நிறுத்துகிறேன் என்று அதை அடைத்தால் பேரிங் போய்விடும்.

கறையும் இல்லையென்றால் பிரஷர் டெஸ்ட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப் பம்ப்பை மாட்டி, மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால் அந்த அளவுக்குக் காற்றடித்து, சற்று நேரம் முள்ளைக் கவனிப்பார்கள். முள் இறங்கியும் வெளியே ஈரம் காணோம் என்றால் தண்ணீர் உள்ளேதான் எங்கோ போகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் ஹீட்டர் ஒழுகினால் முன் இருக்கை மேட் நனைந்திருக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் மோர் போல நுரை, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கெட், செலவு பெரிது.

முள் அசையவே இல்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது மூடியைத்தான். பலர் ரேடியேட்டரையே மாற்றிவிட்டுக் கடைசியில்தான் இதற்கு வருகிறார்கள். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்கவிடாமல் வைப்பது அந்த மூடியின் அழுத்தம். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால், எங்கும் ஓட்டை இல்லாமலே தண்ணீர் ரேடியேட்டரின் ரிசர்வ் பாட்டிலுக்கு ஏறி வழிந்துவிடும்.

இதில் டெம்பரேச்சர் முள்ளை நம்பி உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. தண்ணீர் ரொம்பக் குறைந்தால் சென்சார் ஆவியில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கும். "சூடு குறைஞ்சிருச்சு" என்று ஓட்டுநர் நிம்மதியாக இன்னும் கொஞ்சம் மிதிப்பார்.

நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவதுண்டு. சின்ன ஓட்டையென்றால் தூள் ஊறி அடைத்துக்கொள்ளும், பக்கத்து ஊர்ப் பட்டறை வரை வண்டி தாங்கும். அங்கே போனதும் ரேடியேட்டரை இறக்கி, மஞ்சள் போகிற வரைக்கும் அலச வேண்டியதுதான்.