கொல்வின் உயர்த்திய கை

தமிழ் மேடைகளில் இன்றும் மங்காமல் வாழ்கின்ற ஒரு சிங்களத் தலைவரின் எச்சரிக்கை உண்டு. 1956 ஜூன் மாதம், தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது, இலங்கை சமசமாஜக் கட்சியின் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா விடுத்த எச்சரிக்கை அது. மொழி ஒன்றே என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும். மொழி இரண்டு என்று ஒப்புக்கொண்டால் நாடு ஒன்றாக நிற்கும் என்பது அதன் சாரம். நமது ஆசிரியர்கள் அதை மாணவருக்கு எடுத்துரைக்கின்றனர். மாணவர் அதைக் கட்டுரைப் போட்டிகளில் எழுதிப் பரிசு பெறுகின்றனர். கொல்வின் ஒரு தீர்க்கதரிசி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அப்பெயரை நாம் பறிக்க வரவில்லை. ஆனால், தாம் உரைத்த தீர்க்கதரிசனத்தைத் தமது கையாலேயே நிறைவேற்றிவைத்த தீர்க்கதரிசி உலகில் வேறு எவரேனும் உண்டா என்று கேட்க விரும்புகின்றோம். ஓர் அரசியல்வாதியின் பேச்சு ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அவர் அளித்த வாக்கும், அதிகாரத்தில் அமர்ந்து செய்த தீர்மானமும் வேறொரு பதிவேட்டில் இருக்கின்றன. முதற் பதிவேட்டை மட்டும் படிப்பது புகழுரைஞரின் தொழில். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே இடதுசாரி எனத் தம்மைக் கூறிக்கொள்வோரின் கடமை.

முதற் பகுதி ஒளி பொருந்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி பிறந்தபோது அதன் முதல் தலைவர் கொல்வினே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டபோது, விசாரணைக் கமிஷனின் முன்னே அத்தொழிலாளியின் விதவைக்காக வாதாடியவரும் அவரே. தோட்டத்துக் கூலியின் உயிருக்கும் சட்டத்தின் முன்னே விலை உண்டு என்பதைத் துரைமாரும் பொலிசாரும் கேட்க நேர்ந்தது அன்று. அதே ஆண்டு சிறை புகுந்தார். 1942 ஏப்ரலில் தோழர்களோடு போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார். 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த மசோதாவை எதிர்த்து நின்றார். 1955இல் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரியமைக்காக அவருடைய கட்சியின் கூட்டங்கள் கொழும்பில் காடையரால் தாக்கப்பட்டன. தனிச் சிங்களச் சட்டம் 56 வாக்குகளால் நிறைவேறியபோது எதிராக விழுந்த 29 வாக்குகளுள் சமசமாஜிகளின் வாக்குகளும் இருந்தன. அந்த வாக்குகளுக்காகச் சிங்கள வாக்காளரிடம் அவர்கள் விலை கொடுத்தார்கள். விலை கொடுத்த வாக்கே வாக்கு.

இனி மற்றைய பக்கம்.

1964 ஜூனில் கட்சியின் மாநாடு கூடிற்று. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியுடன் கூட்டரசாங்கம் அமைப்பதா என்பது பிரச்சினை. என். எம். பெரேராவின் தீர்மானத்துக்கு 501 வாக்குகள். கூட்டே ஆகாது என்ற எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு ஆகியோரின் தீர்மானத்துக்கு 159. கொல்வினும் லெஸ்லி குணவர்த்தனவும் நின்ற நடுப்பிரிவுக்கு 75. கூட்டு வேண்டும், ஆனால் ஐக்கிய இடதுசாரி முன்னணி முழுவதும் சேர்ந்தே அதில் புக வேண்டும் என்பது அவர்கள் நிலை. தோற்றார்கள். தோற்றபின் பெரும்பான்மையின் தீர்மானத்தை ஏற்றுக் கட்சியினுள்ளேயே இருந்தார்கள். 159 பேரின் பக்கத்தில் நின்றவர்கள் வெளியேறினார்கள்.

ஐந்து மாதங்கூடக் கழியவில்லை. அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத்தில் நாடற்றவராக நின்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. சந்தையில் மாட்டைப் பங்கிடுவோர்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். அந்த அரசாங்கத்தில் சமசமாஜ மந்திரிகள் மூவர் அமர்ந்திருந்தனர். 1948இல் பிரஜாவுரிமைக்காக எழுந்த குரல் 1964இல் எங்கே போயிற்று?

இவ்விடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் கூறிவிட வேண்டும். அவ்வருடம் டிசம்பரில் அக்கூட்டரசாங்கம் ஒரே ஒரு வாக்கினால் வீழ்ந்தது. அதனை வீழ்த்திய வாக்குகளுள் கட்சியைவிட்டு வெளியேறிய சமரக்கொடியின் வாக்கும் ஒன்று. அவர் கொள்கைக்காகக் கையுயர்த்தினார். பலன் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போயிற்று. மனச்சாட்சி சுத்தமானது என்பதால் வாக்கு சரியானதாகிவிடாது. ஆயினும் அந்த வாக்கு இன்னாருடையது, இன்ன காரணத்துக்காக அளிக்கப்பட்டது என்று நாம் இன்று வாதாட முடிகிறது. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்ற திரைக்குப் பின்னே நின்றவர்களைப் பற்றி அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

1966 ஜனவரி 8ஆந் திகதியைச் சிங்கள நண்பர்கள் மறக்க விரும்புவர். 1958ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், அற்பசொற்ப நிர்வாக உபயோகத்துக்கு வழிசெய்யும் பிரமாணங்களை டட்லியின் அரசாங்கம் கொண்டுவந்தது. சட்டமோ பண்டாரநாயக்காவினுடையது. அதன் பிரமாணங்களை எதிர்த்துச் சுதந்திரக் கட்சியோடு சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் வீதிக்கு இறங்கினர். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்ற கோஷம் செங்கொடிகளுக்கிடையே ஒலித்த காலம் அது. பத்தாண்டுகளுக்கு முன் சம அந்தஸ்துக்காகக் கல்லடி பட்ட கட்சிக்கு அப்போது வடையின் வாசனைகூடப் பொறுக்கவில்லை.

இவை யாவும் முன்னுரை. கொல்வினின் சொந்தப் பதிவேடு 1970இல் திறக்கிறது. பெருந்தோட்டத் தொழில், அரசியலமைப்பு விவகாரம் ஆகிய இரண்டுக்கும் அவர் மந்திரியானார். அரசியல் நிர்ணய சபை 1970 ஜூலையில் நவரங்கஹாலவில் கூடிற்று. சமஷ்டிக்கான திருத்தம் அங்கே தோற்கடிக்கப்பட்டது. மொழி பற்றிய திருத்தங்களும் நிராகரிக்கப்பட்டபின், 1971 ஜூனில் தமிழரசுக் கட்சி சபையைவிட்டு வெளியேறியது. 1972 மே 22ஆந் திகதி 119 பேர் ஆதரிக்க, 16 பேர் எதிர்க்க, குடியரசு யாப்பு நிறைவேறியது.

அந்த யாப்பின் 6ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. 7ஆம் பிரிவு சிங்களத்தை அரசகரும மொழியாக்கியது. 8ஆம் பிரிவை நமது ஆசிரியர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். தமிழின் உபயோகம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் என்கிறது அது. அத்தோடு நிற்கவில்லை. அச்சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட பிரமாணங்கள் எவ்வகையிலும் யாப்பின் ஏற்பாடாகக் கொள்ளப்படலாகாது, அவை கீழ்நிலைச் சட்டவாக்கம் மட்டுமே என்றும் சொல்கிறது. சிங்களம் நாட்டின் உச்சச் சட்டத்தில் அமர, தமிழ் ஒரு பிரமாணத்தின் வாசற்படியில் நிறுத்தப்பட்டது. 1966இல் எந்தப் பிரமாணங்களுக்கு எதிராக ஊர்வலம் போனார்களோ, அவற்றின் உயரத்துக்கு மேலே தமிழ் எழும்பிவிடக்கூடாது என்று பூட்டும் போட்டார்கள்.

பூட்டு என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சாதாரணச் சட்டம். சாதாரணப் பெரும்பான்மை கொண்ட எந்தப் பாராளுமன்றமும் அதை நீக்கியிருக்கலாம். யாப்பில் ஏறியபின் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும். மொழிச் சட்டம் ஏற்கனவே இருந்ததுதானே, கொல்வின் அதைத் திருப்பி எழுதினார், அவ்வளவுதானே என்று வாதிடும் அன்பர்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சிந்திக்கட்டும். வழக்கறிஞர் கொல்வின் அதை அறியாதவர் அல்லர்.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு என்ன நேர்ந்தது? சிறுபான்மைச் சமூகங்களுக்குப் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்ற அப்பிரிவு ஓர் ஓட்டைக் குடைதான். மலையக மக்களின் வாக்குரிமை பறிபோனபோது அது ஒழுகிற்று. பிரிவுக் கவுன்சிலும் அன்று அவர்களைக் காக்கவில்லை. எனினும் 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் தொடுத்த வழக்கில், தனிச் சிங்களச் சட்டம் அப்பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தது. உயர்நீதிமன்றம் வேறு காரணங்கூறி அதனைப் புரட்டியது. 1969இல் பிரிவுக் கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்பி, யாப்புப் பிரச்சினை விசாரிக்கப்படட்டும் என்றது. அது விசாரிக்கப்படவேயில்லை. 1971இல் பிரிவுக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவே ஒழிந்தது. ஏகாதிபத்தியத்தின் நீதிமன்றத்தைத் துறந்ததில் நமக்கு வருத்தம் இல்லை. ஓட்டைக் குடையைப் பிடுங்கியவர் வேறு குடை எதையும் தரவில்லை என்பதே நமது முறைப்பாடு. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்கும் வழியையும் புதிய யாப்பு அடைத்துவிட்டது.

இன்னொரு தீர்மானம் பற்றித் தெற்கிலே எவரும் அதிகம் பேசுவதில்லை. 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான உறுப்பினர்கள், யாப்பு அமுலான நாள் முதல் புதிதாக ஐந்தாண்டு என்று எழுதிக்கொண்டு 1977 வரை இருந்தனர். மக்களிடம் போகாமல் ஆயுளை நீட்டிக்கொள்ளும் வித்தையை ஜே. ஆர். ஜயவர்தன யாரிடம் கற்றார் என்று வியப்போர் இதைப் பார்க்கட்டும். 1982இல் அவர் பெயருக்கு ஒரு சர்வஜன வாக்கெடுப்பாவது நடத்தினார்.

பெருந்தோட்ட மந்திரியின் பதிவேடு இதனிலும் கசப்பானது. 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம் புகுந்தது. லயங்களில் இறப்பு விகிதம் கூர்மையாக ஏறியது. 1974 ஜனவரியில், முன்னர் ஒத்திவைத்திருந்த 150,000 பேரை இந்தியாவும் இலங்கையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கோவிந்தனின் விதவைக்காக வாதாடியவர் அப்போது அம்மக்களின் உழைப்புக்குப் பொறுப்பான மந்திரி. 1975இல் தோட்டங்கள் தேசியமயமாயின. அந்தத் தோட்டங்களை யார் நிர்வகிப்பது என்ற பிரச்சினையில் பிரதமரோடு பிணக்கு முற்றி, அவ்வாண்டு செப்டம்பரில் சமசமாஜிகள் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். தமிழின் அந்தஸ்துக்காக அன்று. இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானிக்கப்பட்ட 525,000 பேருக்காகவும் அன்று.

சுதந்திரக் கட்சி தனித்தே 91 ஆசனங்களை வைத்திருந்தது, சமசமாஜிகளுக்கு 19தான், கொல்வின் மறுத்திருந்தால் வேறொருவர் எழுதியிருப்பார் என்கிறார்கள். எழுதட்டுமே! வேறொருவர் எழுதியிருந்தால், 1956இல் எச்சரித்தவர் 1972இலும் எச்சரித்தார் என்று நாம் பெருமையோடு சொல்லியிருப்போம். சிங்களத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் இடையே ஒரு பாலமாவது எஞ்சியிருக்கும். கட்சி தீர்மானித்தது, உறுப்பினர் பணிந்தார் என்பது அடுத்த வாதம். கட்சிக் கட்டுப்பாட்டை நாம் இகழவில்லை; அது இன்றித் தொழிலாளர் கட்சி இல்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் பெயரால் மத்திய குழுவின் உறுப்பினர் எவருமே தம் கைக்குத் தாம் பொறுப்பில்லை என்றால், பிறகு பொறுப்பாளி யார்? மாநாட்டில் 75 பேரோடு நின்ற கொல்வினை நாம் பெயர் சொல்லி அறிகிறோம். கூட்டரசாங்கத்துக்குள் 6ஆம், 7ஆம், 8ஆம் பிரிவுகள் உருவானபோது அவருடைய கட்சியின் குழுவிலே யார் மறுத்தார், யார் மௌனித்தார் என்பதைச் சாதாரணத் தொண்டன் அறிய வழி செய்யப்படவில்லை.

நமது பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் செப்டம்பரில் மந்திரியானபோது, நாம் காங்கேசன்துறைச் சீமெந்தையும் பரந்தன் இரசாயனத்தையும் எண்ணிச் சமாதானம் அடைந்தோமா? இல்லை; இன்றுவரை அவரை விசாரிக்கின்றோம். கொல்வினுக்கு வேறு அளவுகோல் எடுப்பது அவர் சிங்களவர் என்பதற்காகக் காட்டும் விருந்தோம்பலா, அல்லது அவர் செங்கொடி பிடித்தவர் என்பதற்காகக் காட்டும் சலுகையா?

1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. கொல்வினும் அகலவத்தையில் தோற்றார். கணக்கு அதோடு மூடப்பட்டிருந்தால் இது பழங்கதையாகியிருக்கும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1978 முதல் எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தவை சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும். 2010 செப்டம்பரில், ஒருவர் இரு தவணைகளே ஜனாதிபதியாகலாம் என்ற வரையறையை நீக்கிய 18ஆம் திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது, எதிராக 17. அந்த 161இல் இவ்விரு கட்சிகளின் உறுப்பினரது வாக்குகளும் இருந்தன. எந்தக் குழு, எந்த நாளில், எத்தனை பேரின் சம்மதத்தோடு அக்கைகளை உயர்த்தச் சொல்லிற்று என்பதை அக்கட்சிகளின் தொண்டர்கள் இன்றும் கேட்கலாம்.