ஒரு நல்ல சேவையகம் போதும்

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. எங்கள் கணினி அறையிலுள்ள பழைய கணினிகளோ விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. இதை வீட்டில் சொன்னபோது வாப்பா கேட்ட முதல் கேள்வி, “அப்ப புதுசு வாங்கக் காசு சேர்க்கச் சொல்லுவாங்களா மகள்?” என்பதுதான். சின்னக் கடை வைத்திருக்கும் வாப்பாவுக்கும், தோட்டத்தில் நாட்சம்பளம் வாங்கும் பெற்றோருக்கும் அது சின்னக் கேள்வியல்ல.

இருபது புதிய கணினிகள் தேவையில்லை என்பதே என் கருத்து. பெரிய அலுவலகங்கள் சில வருடங்கள் பாவித்துக் கழித்துவிடும் சேவையகங்கள் பாவித்த பொருளாகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. இரண்டு புரொசசர்கள், ஒவ்வொன்றிலும் பல கருக்கள், தாராளமான நினைவகம். அப்படி ஒன்றை வாங்கி, டெபியன் அல்லது உபுண்டு போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமையை நிறுவலாம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய கணினிகளை வலையமைப்பு வடத்தால் அதனுடன் இணைத்தால், அவை திரையும் விசைப்பலகையுமாக நின்றால் போதும். கனமான வேலையைச் சேவையகம் பார்த்துக்கொள்ளும். எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது.

இருபது பேர் ஒரே நேரத்தில் பைத்தன் நிரலை ஓட்டினால் தாங்குமா? கலியாண வீட்டில் ஒரே அடுப்பென்றால் விருந்தாளிகள் காத்திருக்க வேண்டியதுதான். பல அடுப்புகள் எரிந்தால் பந்தி நகரும். பல புரொசசர்களுக்கிடையே வேலையைப் பங்கிட லினக்ஸ் 1996இல் வந்த 2.0 பதிப்பிலேயே பழகிவிட்டது. உலகின் அதிவேகமான 500 கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. உயர்தரத்தில் நாம் மனப்பாடம் செய்யும் பணிசெயல் முறைமைப் பாடம் அப்போது கண்முன்னே நடக்கும்.

குறையும் உண்டு. சேவையகம் நின்றால் முழு வகுப்பும் நிற்கும். கினிகத்தேனை மழையும் இடியும் உங்களுக்குத் தெரியும். நல்ல யூபிஎஸ் ஒன்றும், தரவைப் பிரதி எடுக்க இன்னொரு வன்தட்டும் கட்டாயம். மின்சாரமும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், பாடசாலை நேரத்தில் மட்டும் இயக்கினால் சமாளிக்கலாம்.

“வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே?” என்பார்கள். 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹன’ திறந்த மூல மென்பொருள்தான். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது உதவியது. அதை எழுதியவர்கள் நம் நாட்டவர்களே.

“பழுதானால் யார் பார்ப்பது, இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலையல்லவா?” என்றும் ஒரு உம்மா கேட்டார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. கட்டளை எழுதவும் வடம் பொருத்தவும் பொறுமைதான் வேண்டும். பூத்தையல் போடும் எங்கள் கைகளில் அது தாராளமாக இருக்கிறது. உயர்தர மாணவிகள் நான்கைந்து பேர் பொறுப்பெடுத்து, போகும்போது அடுத்த தொகுதிக்குப் பழக்கிவிட்டுப் போகலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் இப்போது நான் கேட்பது காசல்ல, ஒரு மாலை நேரம். பென் டிரைவ் ஒன்றிலிருந்தே, எதையும் அழிக்காமல், பழைய கணினியொன்றில் லினக்ஸை இயக்கிக் காட்டுகிறோம். வாப்பாமாரும் உம்மாமாரும் வந்து பார்க்கட்டும். சேவையகம் வாங்குவதைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.