கார் விக்கிறவங்களே இன்சூரன்ஸும் விக்கலாமா?

போன சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். கலர், மைலேஜ், பூட் ஸ்பேஸ் எல்லாம் பேசி முடிச்சதும் ஆன்ரோடு விலை போட்ட தாளைக் கொடுத்தாங்க. அதில் இன்சூரன்ஸ்னு ஒரே ஒரு வரி. 46 ஆயிரம்! அதே வண்டி, அதே ஐடிவி, அதே கூடுதல் கவர்களுக்கு வெளியில் விசாரிச்சு வச்சிருந்தேன், 34 ஆயிரம்தான்.

"வெளியில எடுத்தா நம்ம ஒர்க்‌ஷாப்ல கேஷ்லெஸ் கிடைக்காது சார். அப்புறம் உங்க இஷ்டம்" என்றார் சேல்ஸ் தம்பி. வாசலுக்கு வந்து அந்த வெளி கம்பெனிக்கு போன் போட்டேன். அவங்க கேஷ்லெஸ் லிஸ்டில் இதே ஒர்க்‌ஷாப் இருக்கு! :)

நம்ம ஊரில் இது புதுசு இல்லை. மாருதி 2002லேயே தன் பெயரில் இன்சூரன்ஸ் விற்க ஆரம்பிச்சது. டாடா மோட்டார்ஸுக்கும் சொந்தமா ஒரு இன்சூரன்ஸ் புரோக்கிங் கம்பெனி இருக்கு. ஆனா ஒண்ணு கவனிக்கணும். பேர்தான் கார் கம்பெனியோடது. பாலிசி தருவதும் க்ளெய்ம் பணம் கொடுப்பதும் வேற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. இவங்க நடுவில் நிற்கும் புரோக்கர்.

டீலர்கள் இஷ்டத்துக்கு ஆடக்கூடாதுன்னு 2017ல் ஐஆர்டிஏஐ விதிமுறை கொண்டுவந்தது. கார் என்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 19.5 சதவீதம் வரைதான் டீலருக்குக் கொடுக்கலாம்னு அதில் உச்சவரம்பு வச்சாங்க. உச்சவரம்பே இவ்வளவுன்னா, அந்த ஒரு வரிக்காக ஏன் அவ்வளவு மல்லுக்கட்டுறாங்கன்னு புரியுதா?

அப்பாவோட கட்சி வேற. "ஒரே இடத்துல முடிஞ்சா நிம்மதிடா. நாளைக்கு ஏதாச்சும்னா ஒருத்தனைப் பிடிச்சாப் போதும்." நியாயமான பேச்சுதான். ஆனா எங்க பழைய காருக்கும் ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுத்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். எங்க தெருவிலும்தான். தண்ணி வடியறதுக்குள்ள அப்பா சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டார். இஞ்சின் காலி. இஞ்சின் புரொடெக்ட் கவர் இல்லாததால் க்ளெய்ம் இல்லைன்னுட்டாங்க. அப்படி ஒரு கவர் இருக்குன்னு விற்கும்போது யாரும் வாயைத் திறக்கலை. பிடிக்க வேண்டிய அந்த 'ஒருத்தன்' எங்களைக் கைகாட்டியது இன்சூரன்ஸ் கம்பெனிப் பக்கம். வண்டி அடிமாட்டு விலைக்குப் போச்சு. அப்பா இன்னமும் அதைப் பத்திப் பேச மாட்டார்.

இப்ப என் கணக்கைச் சொல்றேன். வண்டி விற்றால் லாபம். பாலிசி விற்றால் கமிஷன். இடிச்சு ஒர்க்‌ஷாப் வந்தா ஸ்பேர் பார்ட்ஸிலும் லாபம். நஷ்டம் மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, அதாவது அடுத்த வருஷ பிரீமியம் வழியா நமக்கு. ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தையில் தாராளமா கிடைக்க விடலைன்னு 2014ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடிக்கு மேல் அபராதம் போட்டது சும்மா இல்லை.

அதனால என் கட்சி இதுதான். கார் கம்பெனி இன்சூரன்ஸ் விற்கட்டும். ஆனா கமிஷனை மட்டும் வாங்காமல் க்ளெய்ம் நஷ்டத்திலும் ஒரு பங்கைச் சுமக்கட்டும். ஒரு ஹெட்லைட் உடைஞ்சா தன் பையிலிருந்தும் காசு போகும்னா, ஹெட்லைட் விலையும் குறையும், சுலபமா கழட்டி மாட்டுற டிசைனும் தானா வரும். அமெரிக்காவில் டெஸ்லா 2019ல் சொந்த இன்சூரன்ஸ் ஆரம்பிச்சது. ரிப்பேர் செலவு எவ்வளவுன்னு அதனால்தான் தெரிஞ்சது, டிசைனையே மாத்தினோம்னு அவங்களே பிறகு சொன்னாங்க.

அதில் ஆபத்தும் உண்டு. க்ளெய்மைத் தீர்மானிப்பவரும் வண்டியைச் செய்தவரும் ஒருத்தரே ஆனா, வண்டியில் இருக்கிற கோளாறை "நீங்க ஓட்டினது சரியில்லை"ன்னு தள்ளிவிடலாம். அதுக்குத்தான் சர்வேயர் அவங்க ஆளா இருக்கக் கூடாது, வேற கம்பெனி பாலிசிக்கும் அதே ஒர்க்‌ஷாப்பில் அதே மரியாதை கிடைக்கணும்.

கடைசியில் என்ன ஆச்சு? 34 ஆயிரத்துக்கே எடுத்தேன், இஞ்சின் புரொடெக்டோட. அப்பா பாலிசியை வரிவரியா படிச்சுப் பார்த்துட்டு பீரோவில் வச்சுப் பூட்டினார்.

டிஸ்கி: தர்ட் பார்ட்டி பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசாங்கம், எங்கே எடுத்தாலும் ஒரே விலை. பேரம் பேசணும்னா ஓன் டேமேஜிலும் கூடுதல் கவர்களிலும் பேசுங்க மக்கா!