முதுகுக்கு அடியில் ஒரு மெத்தை

மதுரை வண்டியூர்க்காரர்களுக்குக் குளிர் என்றால் தைத் தெப்பத்து ராத்திரிதான். மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மஃப்ளரும் ஸ்வெட்டருமாக ஜனம் நிற்கும். தெர்மாமீட்டரோ 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வருஷத்தின் மற்ற ராத்திரிகளில் எங்கள் கவலையெல்லாம் சூட்டைத் துரத்துவது. கோரைப்பாய் தரையின் குளுமையை முதுகுக்கு ஏற்றும். கயிற்றுக் கட்டிலும் பிள்ளைக்குக் கட்டும் சேலைத் தூளியும் அடியில் காற்றை ஓடவிடும். நம் படுக்கை சாஸ்திரமே அவ்வளவுதான்.

மலையேறினால் இந்தச் சாஸ்திரம் தலைகீழ். மச்சினன் மகன் மார்கழியில் கொடைக்கானல் பூம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுத்துவிட்டு வந்தான். "மேலே கம்பளிக்குள்ள வேர்க்குது மாமா, முதுகு மட்டும் கட்டையா விறைச்சுப்போச்சு" என்றான். கணக்குப் பார்த்தால் வியப்பில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மதுரை சுமார் 100 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100. நமக்கு 20 என்றால் அங்கே ஏழோ எட்டோ.

அவன் ஸ்லீப்பிங் பேக்குக்குள்தான் படுத்திருந்தான். ஆனாலும் குளிர்ந்ததற்குக் காரணம், வெதுவெதுப்பைக் காப்பது துணியல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. உடம்பின் பாரம் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சை அப்பளமாக நசுக்கிவிடும், காற்று போய்விடும். தரையில் படுத்தால் குளிர் ஒரு பக்கத்தோடு போகும். தொங்கும்போது அடியில் ஓடும் காற்று விடியவிடியச் சூட்டை வழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பஞ்சு ஹேமக்குக்குள் இருக்கக்கூடாது, வெளியே, அடிப்புறம் தொங்கவேண்டும். அங்கே அதை யாரும் நசுக்குவதில்லை.

என் பரணில் ஜிப் போன பழைய ஸ்லீப்பிங் பேக் ஒன்று கிடந்தது. மூன்று பக்கமும் பிரித்து விரித்தால் ஒரு மெல்லிய மெத்தை. தலைமூடியை வெட்டி எடுத்தாயிற்று. தோளிலிருந்து முழங்கால் வரை எட்டினால் போதும். பாதத்துக்குக் கம்பளிச் சாக்ஸ் இருக்கிறது. இரண்டு முனையிலும் பாவாடை நாடாவுக்கு மடிப்பதுபோல் மடித்துத் தைத்து எலாஸ்டிக் கயிறு கோர்க்கவேண்டும். கயிற்றின் நுனிகளை ஹேமக்கின் இரு தலைப்பிலும் மாட்டினால் மெத்தை அடியில் தொட்டில் மாதிரி அணைத்து நிற்கும். முதுகைத் தொடவேண்டும், அமுக்கக்கூடாது. இடைவெளி விட்டால் காற்று புகும், இறுக்கினால் பஞ்சு சப்பையாகும். இந்தப் பதம்தான் மொத்த வித்தையும்.

தையல்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன சார், தூளியா மெத்தையா?" விளக்கியதும் உற்சாகமாகிக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தையல் போடட்டுமா என்றார். தடுக்கவேண்டியிருந்தது. ஊசி இறங்கும் ஒவ்வொரு வரியிலும் பஞ்சு அமுங்கி, அந்த வழியாகவே குளிர் வந்துவிடும். தையலைக் குறைக்கச் சொன்ன வாடிக்கையாளரை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

சோதிக்க வண்டியூரில் குளிருக்கு எங்கே போவது? பழைய வீட்டில் தொட்டில் கொக்கிகள் சும்மாதானே இருக்கின்றன. ஏசியை 18-இல் வைத்து, ஃபேனைச் சுழலவிட்டு மச்சினன் மகனை ஏற்றினோம். மெத்தையில்லாமல் கொஞ்ச நேரத்தில் முதுகு சில்லிட்டது. மாட்டியபின் அப்படியே தூங்கிப்போனான். கரண்ட் பில்லை நினைத்து நான்தான் எழுப்பினேன். மலையிலும் இப்படித் தோட்டம், தங்கும் விடுதி என்று சொந்தக்காரர் சம்மதித்த இடத்தில்தான் கட்டலாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாது.

எனக்கு இப்போது போடிநாயக்கனூர் இலவம் பஞ்சின்மேல் கண். அதன் இழை உள்ளே காற்றுள்ள குழல். தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் திணித்தது இதைத்தான். பல ஸ்லீப்பிங் பேக்குகளில் இருக்கும் பாலியஸ்டர் இழையும் அதே குழல் வடிவம்தான். சிக்கல் என்னவென்றால் இலவம் பஞ்சு ஒரே மூலையில் போய்ச் சேரும். தையல் போட்டு நிறுத்தினால் குளிர் வரும். இடையிடையே தடுப்புத்துணி வைத்து அறை அறையாகத் தைக்கவேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "அந்தக் கூலிக்குப் புது பேக்கே வாங்கிரலாம் சார்" என்கிறார்.