நாவலைத் தூற்றுவோர்க்கு

அண்மையில் நாம் படித்து முடித்த நாவல்கள் மூன்று: தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988), 1997இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அவரது 'சாய்வு நாற்காலி', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). இவற்றைப் பற்றி இராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் பேச்செடுத்தால், "வீட்டுக் குறையைச் சந்தியில் வைத்துவிட்டார்கள்" என்னும் ஒரே பல்லவிதான்! பாடுவோரில் பலர் நூலைக் கையால் தொட்டவரல்லர்.

பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்கும் முதலாளி ஒருவரைக் குமரிக் கரையில் மீரான் காட்டினார். அத்தகையவர் நம் கரையில் இருந்ததே இல்லையா? (அவர் நடையில் கலக்கும் மலையாளம் முதலில் தடுக்கத்தான் செய்கிறது, பத்துப் பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்.) சல்மாவின் நாவலுக்கோ ஆண்களே தீர்ப்பெழுதுகிறார்கள். வீட்டுப் பெண்களிடம் கொடுத்து அவர்கள் கருத்தைக் கேட்டதுண்டா?

நாவல் நமக்கு அந்நியமுமன்று. தமிழின் முதல் நாவல் 1879இல் அச்சேறியது; ஆறே ஆண்டில், 1885இல், கண்டியின் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' தந்தார். உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி பிறந்ததும் இக்கரையிலேதான்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தலைமன்னார்க் கப்பலும் பின்னர் நின்றுபோயிற்று. சங்கு குளித்தோர் பலர் வேறு பிழைப்புத் தேடினர். இவற்றையெல்லாம் எழுத நம்முள் ஒருவர் எழ வேண்டாமா? எழுதியவர்மீது நாமே கல்லெறிந்தால் எந்த இளைஞன் பேனாவைத் தொடுவான்? கலியாண விருந்தில் சஹன் கூடக்கூடப் பெருமை கொள்ளும் நாம், ஆண்டுக்கு இரண்டு நாவல் வாங்குவதற்குத்தான் கணக்குப் பார்க்கிறோம்.