கூலி நோட்டில் இன்னொரு கட்டம்: மணப்பாறை முறுக்குத் தொழிலாளர் கோரிக்கைச் சாசனம்

மணப்பாறையில் முறுக்குப் பிழிகிற வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் சாயங்காலமானால் ஒரு நோட்டு விரியும். யார் எத்தனை பிழிந்தார்கள் என்று எழுதி, அதை வைத்துக் கூலி போடுவார்கள். எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று எழுத அதில் இடம் இல்லை.

அந்த இடத்தைத்தான் முதலில் கேட்கிறோம். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: இடுப்பு வலி, புகையில் கண் எரிச்சல், காய்ச்சல், மாதவிடாய், எண்ணெய் தெறித்த புண் என்று காரணம் எழுத. வராத நாளை மட்டும் குறித்தால் அது பாதிக் கணக்கு. எங்களில் பலர் உடம்பு முடியாவிட்டாலும் படுப்பதில்லை, வந்து உட்கார்ந்துவிடுகிறோம். மணிக்கட்டு வீங்கியவள் அச்சை இடது கைக்கு மாற்றுவாள். சுற்று கோணிக்கொள்ளும். அதைக் கலைத்து மாவோடு சேர்த்து மறுபடி பிழிவாள். நோட்டைக் கேட்டால் அவள் வேலைக்கு வந்தாள். பாதிக் கூலிதான் வரவில்லை.

இரண்டாவது, இந்த இழப்பை ஊர் முழுக்க அளக்க வேண்டும். கருவி புதிதில்லை. 1993இல் வந்த ஆறு கேள்விப் படிவம் ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. கடந்த ஏழு நாளில் நோயால் எத்தனை மணி நேர வேலை போனது என்று கேட்கும்; வேலை பார்த்த நேரத்தில் உடம்பு எவ்வளவு தடுத்தது என்பதை 0 முதல் 10க்குள் சொல்லச் சொல்லும். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீடு தேடி வருகிறவர்களே இந்தக் கேள்விகளையும் கேட்கலாம். மணிக் கணக்கு மட்டும் எங்களுக்குச் சரிப்படாது. வழக்கமாக எத்தனை முறுக்கு, இந்த வாரம் எத்தனை என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் ஒரு முறை, தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஒரு முறை போதும்.

மூன்றாவது, இந்தக் கணக்கைக் காட்டி யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. ஊர்த் தொகையை மட்டும் வெளியிடுங்கள், பெயர் வேண்டாம். எண்ணத் தொடங்கும் முன்பே இது எழுத்தில் வர வேண்டும். பின்னால் வந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, நோய் நாளுக்குக் கூலி. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். நான்கு பேர் உட்கார்ந்து பிழியும் வீட்டுக்கு எப்படி வரும்? ஆந்திராவில் 2019 டிசம்பரில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வெடுக்கும் ஏழைகளுக்கு நாளுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை கொடுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் நம்மிடம் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் கீழ் நல வாரியமும் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவும் வாரியம், டாக்டர் சீட்டைப் பார்த்து நோய் நாள் கூலியும் தரட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

ஐந்தாவது, புகைபோக்கியும் காற்றோட்டமும். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. அடுப்படியில் மயங்கி எழுந்து மறுநாள் வேலைக்கு வருகிறவளுக்கு ஒன்றும் இல்லை. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, விறகடுப்புக்கு மேலே கூரை இன்னும் கரிப்பிடித்துத்தான் கிடக்கிறது. புகைபோக்கி வைக்க மானியம் வரும் பங்குனிக்குள் வேண்டும்.

ஆறாவது, அரசு மருத்துவமனையில் மாலையிலும் ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) வேண்டும். காலையில் சீட்டுக்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால்தான் வலி முற்றிய பிறகு போகிறோம்.

நோட்டில் கட்டம் போட ஒரு ஸ்கேல் போதும். வரும் திங்கட்கிழமை முதல் நாங்களே போட்டுக்கொள்கிறோம். மற்ற ஐந்துக்கும் தேதி சொல்லுங்கள்.