லாரி வாலில் தொங்கும் மைலேஜ்

"ஹைவேயில நல்ல டாரஸ் லாரியா பார்த்துப் பிடிச்சு, அதுக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போங்க பாஸ், மைலேஜ் சும்மா எகிறும்!"

புதுசா கார் வாங்கினவர் யாராவது மாட்டினால் போதும், இந்த டிப்ஸ் கட்டாயம் வந்துவிடும். பெட்ரோல் விக்கிற விலைக்கு அவரும் தலையாட்டுவார். இதைப் பற்றி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். எழுதிடறேன்.

முதலில் ஒன்று. இது புருடா இல்லை. லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த பகுதி ஒன்று உருவாகும். அதற்குள் புகுந்துகொண்டால் உங்கள் கார் மோத வேண்டிய காற்று குறைவு. சைக்கிள் ரேஸில் கும்பலாக ஓட்டுவதும் இதற்குத்தான். 2007ல் மித்பஸ்டர்ஸ் நிகழ்ச்சியில் மணிக்கு 55 மைல் (சுமார் 88 கி.மீ.) வேகத்தில் அளந்தே காட்டினார்கள். லாரிக்கு 100 அடி பின்னால் மைலேஜ் 11% கூடியது. 10 அடியில் 39%! இரண்டு அடிக்கு நெருங்கியபோது லாபம் குறைந்துதான் போனது. உயிருக்கே ஆபத்து, யாரும் செய்யாதீர்கள் என்பதையும் அவர்களே சொன்னார்கள். நம்ம ஆளுங்க 39ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாங்க.

இப்போ நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். நீங்க வழக்கமா 100ல் போறவர். லாரி போவதோ 80ல், அதுவும் அதிகபட்சம். அதன் பின்னால் ஒட்டினால் நீங்களும் 80க்கு இறங்கித்தானே ஆகணும்? காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் மாறும். 100ல் இருந்து 80க்கு வந்தாலே அது 36% குறைந்துவிடும். டயர் உராய்வையும் சேர்த்து, 1100 கிலோ எடையுள்ள சின்ன கார், சமமான ரோடு என்று வைத்து நான் போட்ட கணக்கில், இஞ்சின் ஒரு கிலோமீட்டருக்குச் செய்ய வேண்டிய வேலை கால்வாசி குறைகிறது. முன்னால் லாரியே இல்லாமல்!

அதாவது, லாரி கொடுத்ததாக நண்பர் நினைக்கும் மைலேஜில் பெரும்பங்கு அவருடைய வலது கால் கொடுத்தது. பேர் மட்டும் லாரிக்கு.

சென்னை - திருச்சி 330 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 22 லிட்டர். கால்வாசி மிச்சமானால் ஐந்தரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்னு வச்சுக்கிட்டா 550 ரூபாய். விலை? கூடுதலாக 50 நிமிஷம். ஒரு காபி குடிச்சுட்டு பொறுமையா போகலாம் சாமி.

ஒட்டிக்கொண்டு போவதற்கு என்ன விலை என்று பாருங்கள். லாரி சடன் பிரேக் போட்டால் அந்த 10 அடி இடைவெளி கிட்டத்தட்ட ஒரே நொடியில் காலி. உங்கள் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்து பிரேக்குக்குப் போகவே அவ்வளவு நேரம் ஆகும். லாரியின் பிரேக் லைட் எரிந்தால்தானே அதுவும்!

"லாரி நிக்க ரொம்ப தூரம் ஆகும், கார் டக்குனு நின்னுடும்" என்று ஒரு வாதம் வரும். எனக்கு பயமே லாரி நிற்பதில் இல்லை, ஒதுங்குவதில்தான். முன்னால் ஒரு லாரி பஞ்சராகி, இண்டிகேட்டர் கூட இல்லாமல், நாலு கல்லை மட்டும் அடுக்கி வைத்து நிற்கும். உங்களுக்கு முன்னால் போகிறவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அதைப் பார்த்து கடைசி நேரத்தில் வெட்டி ஒதுங்கிவிடுவார். திரை விலகியதும் உங்களுக்கு மிச்சம் இருப்பது நின்ற லாரியின் முதுகு.

அந்த முதுகில் மோதினால் காரின் பானெட் லாரிக்கு அடியில் போய்விடும். லாரியின் பாடி நேராகக் கண்ணாடிக்கு வரும். பானெட்டில் நொறுங்குவதற்கென்றே வடிவமைத்த பகுதிக்கு அங்கே வேலையே இல்லை. 1967ல் நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் இறந்தது இப்படி டிரெய்லரின் பின்னால் கார் மோதித்தான். டிரெய்லருக்குப் பின்னால் பொருத்தும் தடுப்புக் கம்பியை அமெரிக்காவில் இன்றைக்கும் மான்ஸ்ஃபீல்ட் பார் என்றே சொல்கிறார்கள்.

இதைப் பாதுகாப்பாகச் செய்யவே முடியாதா? முயற்சி செய்தார்கள். லாரிகளை வயர்லெஸ்ஸில் இணைத்து, முன்னால் இருப்பது பிரேக் போட்டதும் பின்னால் வருவதும் தானாகப் போடுகிற மாதிரி. 2016ல் ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்து ரோட்டர்டாம் வரை அப்படி ஓட்டியே காட்டினார்கள். ஆனால் 2019ல் டெய்ம்லர் நிறுவனம், எதிர்பார்த்த அளவு டீசல் மிச்சமாகவில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. ரேடாரும் கம்ப்யூட்டரும் வைத்தவர்களுக்கே கட்டுப்படியாகாதது, பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிற நமக்குக் கட்டுப்படியாகுமா?

லாரியின் வேகம் பிடிச்சிருக்கா, தாராளமா அதே வேகத்தில் போங்க. ஆனால் தள்ளிப் போங்க. லாரி ஒரு பாலத்தையோ மைல்கல்லையோ தாண்டியதும் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று என்று எண்ணுங்கள். அதற்கு முன்னாடி நீங்கள் அங்கே போய்விட்டால் ரொம்பக் கிட்டே இருக்கீங்கன்னு அர்த்தம். 80ல் மூன்று நொடி என்பது சுமார் 67 மீட்டர். நடுவில் எவனாவது புகுந்தால் புகுந்துட்டுப் போகட்டும், மறுபடி எண்ணுங்க.

மைலேஜ் அப்பவும் ஏறியிருக்கும். அடுத்த தடவை டேங்க் ஃபுல் பண்ணும்போது கணக்குப் பார்த்துட்டுச் சொல்லுங்க.